‘7 பேண்ட் கியாரண்டி’ கோச்சிங்: மதுரையில் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்து போக ஐ.இ.எல்.டி.எஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு கோச்சிங் தேடுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. (பேண்ட் என்பது அதில் போடும் மதிப்பெண்.) மதுரையில் உள்ள ஒரு பயிற்சி மையம், பெயர் வேண்டாம், ‘7 பேண்ட் கியாரண்டி, வராவிட்டால் பணம் வாபஸ்’ என்று ஃபிளெக்ஸ் வைத்து ஆள் சேர்த்தது. அங்கே படித்த உசிலம்பட்டிப் பெண் ஒருவர் வாங்கியது: லிசனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 6, ரைட்டிங் 5.5. மொத்தம் 27, சராசரி 6.75. தேர்வு விதிப்படி அது 7 என்று ஏற்றிக் கணக்கிடப்படும். பணத்தைக் கேட்டபோது, ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த ‘ஓவரால்’ (நான்கு பிரிவின் சராசரி) என்ற சொல்லைக் காட்டி, ‘அதான் 7 வந்துருச்சேம்மா’ என்று அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் கேட்பதோ ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் தலா 7. கையில் இருக்கும் அந்த 7 அங்கே செல்லாது.

ரைட்டிங் ஏன் 5.5-ல் நின்றது என்பது நோட்டைப் புரட்டினாலே தெரிகிறது. எல்லாருக்கும் ஒரே ஜெராக்ஸ் கட்டு. எந்தத் தலைப்பு வந்தாலும் ‘இன் திஸ் மாடர்ன் எரா’ என்று ஆரம்பம், நடுவில் கோடிட்ட இடம், அதில் தலைப்பை நிரப்ப வேண்டும். திருத்திய பக்கங்களில் சிவப்பு மையில் ஒரு டிக், கீழே ‘இம்ப்ரூவ் கிராமர்’. எந்த வாக்கியத்தில் என்ன தப்பு என்று ஒரு வரி கிடையாது. மனப்பாட வாக்கியங்களைத் தேர்வாளர் எளிதில் கண்டுபிடிப்பார். அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு பங்காகக் கேட்ட கேள்விக்கு டெம்ப்ளேட் ஒரு பங்குக்குத்தான் பதில் சொல்லும், அதிலும் அடி. டாஸ்க் 2 (கட்டுரை)-க்கு டாஸ்க் 1 (கிராஃப் விவரணை)-ஐப் போல இரண்டு மடங்கு எடை. 60 நிமிடத்தில் 40 அதற்குப் போக வேண்டும். இங்கே பாதி வகுப்பு கிராஃபிலேயே ஓடியிருக்கிறது.

ஸ்பீக்கிங் மாக் டெஸ்ட் என்ற பெயரில் ஐந்து பேரை வரிசையாக உட்கார வைத்து கியூ கார்டு (பேச வேண்டிய தலைப்பு எழுதிய அட்டை) பதிலை ஒப்பிக்கச் சொன்னார்கள். உண்மைத் தேர்வில் ஒரு தேர்வாளர், ஒரு மாணவர், 11 முதல் 14 நிமிடம். ஒப்பித்தவர் மூன்றாம் பகுதியில் ‘ஏன்?’ என்று கேட்டதும் திணறுவார். தனிக் கட்டணத்தில் ‘ஆக்சென்ட் கிளாஸ்’ வேறு! பேச்சு தெளிவாகப் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். வெள்ளைக்காரர் மாதிரி பேசத் தேவையில்லை. நம்மவர்களுக்கு உண்மையில் மதிப்பெண் போவது வினைச்சொல்லின் கடைசி ‘ஸ்’, ‘எட்’ ஆகியவற்றை விழுங்குவதில். ஒரு நிமிடம் குறிப்பெடுத்து, இரண்டு நிமிடம் பேசி, போனில் பதிவு செய்யுங்கள். பேசியதை அப்படியே எழுதிப் பார்த்து, விழுங்கிய இடங்களைச் சுழித்து, அதே தலைப்பில் மறுபடி பேசுங்கள். இதற்குக் காசு வேண்டாம்.

சேருமுன் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்து, ரைட்டிங்கின் நான்கு அளவுகோலுக்கும் (கேள்விக்குச் சரியான பதில், கோர்வை, சொல்வளம், இலக்கணம்) தனித்தனியே மதிப்பெண் போட்டுத் தரச் சொல்லுங்கள். தட்டிக் கழித்தால் கிளம்பிவிடுங்கள். பணம் வாபஸ் என்றால் எந்தப் பிரிவில் எத்தனை பேண்ட் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே எழுதி ரைட்டிங் மட்டும் இடித்தால், தேர்வு தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்ப வரும். கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஒரே பிரிவை மட்டும் மறுபடி எழுதவும் வழி உண்டு. போகும் இடம் அதை ஏற்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ‘பரீட்சை எழுதாமலே சர்டிபிகேட்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் பிளாக் செய்துவிடுங்கள். மதிப்பெண்ணை, இந்தத் தேர்வை ஏற்கும் நிறுவனங்கள் ஆன்லைனில் நேரடியாகச் சரிபார்க்க முடியும்.

ஏமாந்தவர்கள் ஃபிளெக்ஸை போட்டோ எடுத்து, ரசீதோடும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.