பம்பு நல்லது, கைப்பிடி கெட்டது: மாற்று ஃபீட் பம்புடன் 26 மாதம்

பாலக்கோட்டில் தக்காளி லோடு ஓட்டும் என் மைத்துனன் போன வாரம் போன் செய்தான். அவனுடைய பழைய லாரியில் ஃபீட் பம்பு, அதாவது டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி டீசல் பம்புக்குத் தள்ளும் சின்னப் பம்பு, போய்விட்டதாம். "மாமா, உங்கள் வண்டியில் போட்டீர்களே, அதே பம்பை வாங்கட்டுமா?" என்றான். யோசிக்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "இரண்டு வருடமாக அதைப் புகழ்ந்தது நீங்கள்தானே மாமா?" என்று கேட்டான். உண்மைதான், நான்தான் புகழ்ந்தேன். அப்போது லோடு ஏறிக்கொண்டிருந்ததால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்லைன் பம்பு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் தள்ளும் பழைய வகை டீசல் பம்பு) உள்ள வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி 2007 மாடல், ஆறு சக்கரம். சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றி ஓசூரில் இறக்குவதுதான் வழக்கமான ஓட்டம். வழியில் இரண்டு ஏற்றங்கள்: சேலம் தாண்டினால் தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி தாண்டினால் மேலுமலை. டீசல் வரத்தில் குறை இருந்தால் சமதளத்தில் வண்டி அதைக் காட்டிக்கொள்ளாது. பத்து டன்னோடு இந்த இரண்டு இடங்களில் ஏறும்போது மறைக்கவும் முடியாது.

வண்டியோடு வந்த பம்பு பதினேழு வருடம் உழைத்தது. கடைசியில் மேலுமலையில்தான் தன் நோயைச் சொன்னது. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி இரண்டாவதுக்கு வந்தது, பிறகு அதிலும் மூச்சு வாங்கியது. டீசல் ஃபில்டர் மாற்றினேன், டேங்க்கைக் கழுவினேன், பயனில்லை. கிருஷ்ணகிரியில் எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன், டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் வழியில் ஒரு முழம் கண்ணாடி போன்ற டியூபை மாட்டி இஞ்சினை ஓடவிட்டார். ஒரு குமிழிகூட இல்லை. "டேங்க் பக்கம் சுத்தம் தம்பி. நோய் பம்புக்குள்தான்" என்றார். அடுத்து டீசல் பம்பின் அடியில் இருக்கும் ஆயிலைக் கொஞ்சம் வெளியே விட்டு என் கட்டைவிரலில் தடவினார். ஆயில் விரலில் நிற்கவில்லை, தண்ணீர் போல வழிந்தது. முகர்ந்தால் டீசல் வாடை. ஃபீட் பம்பின் தண்டு தேய்ந்து, அதன் வழியே டீசல் இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் உள்ளே அந்தத் தண்டைத் தள்ளும் கேமும் பேரிங்கும் போயிருக்கும், செலவு பல மடங்கு ஆகியிருக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது மாதம் ஒருமுறை பாருங்கள். அங்கே ஆயில் அளவு குறைந்தால் மட்டும் பயப்படுகிறோம். ஏறினாலும் பயப்பட வேண்டும்.

வண்டியோடு வந்தது போன்ற அசல் கம்பெனி பம்பு அன்று கடையில் இல்லை. மாங்காய் சீசன், வண்டி ஒரு நாள் நின்றாலும் நஷ்டம். கம்பெனி விலையில் பாதிக்கும் குறைவாக ஒரு மாற்று பம்பு இருந்தது. பெயரை எழுதப்போவதில்லை, அது எனக்குத் தேவையும் இல்லை. வாங்கினேன்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை, ஆனால் அவசரப்படக் கூடாத வேலை. மூன்று நட்டுதான். டீசல் பம்பின் முகத்தில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கை அண்ணன் பிளேடால் சுரண்டி எடுத்தார். ஒரு துணுக்கும் உள்ளே விழாதபடி துளையைத் துணியால் அடைத்திருந்தார். இஞ்சினைக் கையால் சுற்றி, உள்ளே கேம் தாழ்ந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார். அப்போதுதான் பம்பு எதிர்த்துத் தள்ளாமல் முழுசாக உட்காரும். மேடான நிலையில் நட்டைப் போட்டு இழுத்தால் பம்பில் நட்டு மாட்டும் காது உடைந்துவிடும். டீசல் குழாய்களுக்குப் புதுச் செப்பு வாஷர் போட்டார். பழையதையே திருப்பிப் போட்டால் போதாதா என்று கேட்டேன். "அழுத்தத்தில் இருக்கிற பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை இருந்தால் சொட்டாது, ஏர்தான் உள்ளே போகும். அதைத் தேடி நீ நாள் முழுக்க அலைவாய்" என்றார். பிறகு ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, பம்பின் தலையில் இருக்கும் கைப் பம்பை அடித்து ஏர் எடுத்தார். முதலில் நுரை, பிறகு பெரிய குமிழி, பிறகு சின்னக் குமிழி, கடைசியில் தெளிந்த டீசல். திருகை இறுக்கிச் சாவியைத் திருப்பினோம். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

அந்தப் பம்பு செய்த வேலையைக் குறைத்துச் சொன்னால் பாவம். அன்று இரவே மேலுமலையை மூன்றாவது கியரிலேயே ஏறினேன். மார்கழியில் ஓசூரில் விடியற்காலை வண்டியைத் தொட்டால் கை விறைக்கும். அந்தக் குளிரிலும் அரைச் சுற்றில் இஞ்சின் எழுந்தது. ஒரு வருடம் கழித்து கேஜ் மாட்டிப் பார்த்தபோதும் ஒன்றரை கிலோ அழுத்தம் இருந்தது. ஃபீட் பம்பு, இஞ்சினுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே டீசலைத் தள்ள வேண்டும். மீதி, உள்ளே இருக்கும் ஏரையும் சூட்டையும் சேர்த்துக்கொண்டு டேங்க்குக்குத் திரும்பும். அந்த மீதி என் வண்டியில் இன்றைக்கும் நன்றாகத் திரும்புகிறது. ஆயிலில் டீசல் கலக்கவே இல்லை. கரண்ட் பம்பு வைக்கச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொன்னார்கள், நான் கேட்கவில்லை. ஒயர், ஃபியூஸ், ரிலே என்று நடு இரவில் தேட மூன்று இடம் கூடும். இது இஞ்சின் சுற்றினால் ஓடும், இஞ்சின் நின்றால் நிற்கும். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

இனி அந்தக் கைப் பம்பு.

ஏர் எடுத்து முடித்ததும் அதன் குமிழை அழுத்திக் கீழே திருகிவிட வேண்டும். பழைய பம்பில் பதினேழு வருடம் திருகியது திருகியபடியே இருந்தது. இதில் நான்காவது மாதம் தானாகக் கழன்று, ஸ்பிரிங் தள்ளி மேலே எழும்பி நின்றது. குமிழ் பிளாஸ்டிக், உள்ளே மரை ஆழமில்லை, அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் ஏதோ கடினமான பொருளில் செய்தது. இஞ்சின் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டு வரும். அது மேலே எழும்பினால் அந்த இடுக்கு வழியாக ஏர் இழுக்கும். இறுக்கினேன். மறுபடி கழன்றது. கட்டுக்கம்பி போட்டுக் கட்டினேன். அப்புறம் டீசல் போடும் ஒவ்வொரு இடத்திலும், டீக்கு நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் பானட்டைத் திறந்து அந்தக் குமிழைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இருபத்திரண்டு மாதம் அப்படித் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு மழை இரவில் சேலத்திலிருந்து ஏறி வருகிறேன். தொப்பூர் இரட்டைப் பாலத்துக்குச் சற்று முன்னால் வண்டி இரண்டு முறை இடித்து இடித்து நின்றுவிட்டது. பின்னால் பத்து டன். கிளீனர் பையன் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போட்டான், ஓரத்தில் தழை ஒடித்து வண்டிக்குப் பின்னால் சாலையில் பரப்பினான். நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே குனிந்தேன். கம்பி அறுந்து, குமிழ் முழு உயரத்துக்கு எழும்பி நின்றது. திருகினால் பிடிக்கவில்லை, மரை வழுக்கிவிட்டது. பின்னால் ஏறி வரும் ஒவ்வொரு லாரியின் வெளிச்சமும் எங்கள் வண்டியின் மீது விழுந்து விலகும்போது, அந்தப் பையன் சாலையில் நிற்கிறானே என்று வயிறு கலங்கியது. சைக்கிள் டியூப் துண்டைக் குமிழின் கழுத்தில் இறுக்கிச் சுற்றி, ஏர் எடுத்து, கம்பியால் அழுத்திக் கட்டி, பாளையம் சுங்கச்சாவடி வரை முதல் கியரில் வந்து சேர்ந்தேன். அங்கே இறங்கியபோதுதான் கை நடுங்குவது தெரிந்தது.

பம்பு விற்ற கடையில் போய்க் கேட்டேன். கைப் பம்புக்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது என்று சொல்லி அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். மெக்கானிக் அண்ணன் கம்பெனி கைப் பம்பை மட்டும் தனியாக வாங்கிவரச் சொல்லி இதன் மேல் மாட்டினார். என் பம்பில் மரை சரியாக ஒத்துவந்தது. ஒரு மாதம் ஆகிறது, குமிழ் ஒரு நூல் அளவுகூட நகரவில்லை. அதன் செலவையும் சேர்த்தால்கூட, புதுக் கம்பெனி பம்பைவிட எனக்கு லாபம்தான்.

இதெல்லாம் தெரிந்தும் "வேண்டாம்" என்றுதான் சொன்னேன், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உள்ளே இருக்கும் தண்டையும் வால்வையும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு ரப்பர் வாஷரை ஒழுங்காகப் போடத் தெரியாதா? தெரியும். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டிருக்கிறார்கள். அதைக் கவனிக்கிறவன் மழையில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குனிகிறவன்தான். இரட்டைப் பாலத்தில் அந்தப் பையனைச் சாலையில் நிறுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று இரவு மைத்துனன் மறுபடி அழைத்தான். கம்பெனி பம்புக்குப் பணம் புரளவில்லை, அதே மாற்று பம்பை வாங்கிவிட்டேன் என்றான். தக்காளி காத்திருக்காது, அவனையும் குறை சொல்ல முடியாது. மாட்டாதே, ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கம்பெனி கைப் பம்பு ஒன்றும், ஆறு செப்பு வாஷரும் இன்று காலை வாங்கி கேபினில் வைத்துவிட்டேன்.