யாழ்ப்பாணத்தில் பாவித்த கிற்றார் மொடலர் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்

‘லைவ் செட், எல்லாம் ரெடி, செருகினால் வாசிக்கலாம், கனடாவில் இருந்து வந்த சாமான்’ என்று முகநூலில் விளம்பரம் போட்டு கிற்றார் மொடலர் (அம்ப், பெடல் எல்லாவற்றின் சத்தத்தையும் தனியாகவே தருகிற சின்னக் கணினிப் பெட்டி) விற்கிற ஒருவரிடம் 240,000 ரூபாவைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். ஆளின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது, அது அதன் வழியில் போகட்டும். ஆனால் அவர் விற்ற விதத்தை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பெடியள் அதே ஆளிடம் விலை கேட்டிருக்கிறார்கள். ஒருவர் முற்பணமும் கொடுத்துவிட்டார்.

இருபது வருடமாக இசைக்குழுவில் லீட் கிற்றார் வாசிக்கிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் பூங்காவனத் திருவிழா என்று எங்கள் பக்கத்தில் ஒரே இரவில் என்னவெல்லாம் வாசிக்க வேண்டியிருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். பக்திப் பாட்டில் தொடங்கும். பிறகு எண்பதுகளின் சினிமாப் பாட்டு, அதற்குக் கோரஸ் எஃபெக்ட் போட்ட தெளிந்த சத்தம் வேண்டும். இடையில் எக்கூஸ்டிக் மாதிரி ஒன்று, பதினொரு மணிக்குப் பிறகு பைலா, கடைசியில் மேடைக்கு முன்னால் நிற்கிற பெடியள் கேட்கிற ரொக் சோலோ. இதற்கெல்லாம் ஸ்பீக்கரும் சேர்ந்த ஒரு கொம்போ அம்பும் சத்தத்தை மாற்றுகிற ஆறு பெடலும் வைத்திருந்தேன். ஓட்டோவில் ஏற்றி இறக்கியே அம்பின் மூலைகள் உடைந்துபோயின. பெடல்களை இணைக்கிற சின்ன வயர்களில் ஒன்று எந்த இரவிலும் செத்துப்போகும். எது செத்தது என்று இருட்டில் குனிந்து தேடியிருக்கிறேன்.

ஆகவே மொடலருக்கு மாறுவது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தில் பிழை இல்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். 1998இல் லைன் சிக்ஸ் கம்பனியின் பொட் வந்தபோது அதைப் பலர் விளையாட்டுச் சாமானாகப் பார்த்தார்கள். 2006இல் ஃப்ராக்டல் ஓடியோவின் அக்ஸ் எஃப்எக்ஸ், 2015இல் ஹெலிக்ஸ் என்று வந்தபிறகு பெரிய மேடைகளிலேயே அம்ப் இல்லாமல் வாசிக்கிறார்கள். அம்ப், கபினற் என்கிற ஸ்பீக்கர்ப் பெட்டி, மைக், எதிரொலி தருகிற டிலே எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டி கணக்குப் போட்டுத் தருகிறது. அதிலிருந்து நேரே சவுண்ட்காரரின் மிக்சருக்கு வயர் போகிறது. நான் தேடியது 2018இல் லைன் சிக்ஸ் வெளியிட்ட எச்எக்ஸ் ஸ்டொம்ப் என்கிற சின்ன மொடலர். மூன்று சுவிட்ச், கிற்றார்ப் பையின் முன் பொக்கெற்றுக்குள் அடங்கும்.

2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 350ஐத் தாண்டிப் போனபிறகு புதிது வாங்குவது என் கைக்கு எட்டாமல் போய்விட்டது. பாவித்தது தேடினேன். அப்போதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

வீட்டுக்குப் போனேன். மரியாதையான பேச்சு, தேத்தண்ணி எல்லாம் தந்தார். மேசையில் சாமான் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் கம்பனிப் பெட்டியும் இருந்தது.

“அண்ணை, இது புது எடிசன். பழசில ஆறு புளொக்தான் போடலாம், இதில எட்டுப் போடலாம். அதுதான் விலை கொஞ்சம் கூட.”

இது முதல் பொய். புளொக் என்பது ஒரே நேரத்தில் போடக்கூடிய அம்ப், டிலே மாதிரியான ஒவ்வொரு துண்டு. முதலில் வந்தபோது ஆறு புளொக்தான் என்பது சரி. ஆனால் 2020இல் கம்பனி வெளியிட்ட 3.0 ஃபேம்வெயார் (பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருள்) அதே பழைய பெட்டியிலேயே எண்ணிக்கையை எட்டாக்கியது. யாரும் கணினியில் செருகி இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். புது எடிசன் என்று ஒன்று இல்லை. அந்த வார்த்தைக்கு மட்டும் என்னிடம் 20,000 ரூபா கூட வாங்கினார். இதை வாங்குவதற்கு முதல்நாள் பத்து நிமிடம் தேடி வாசித்திருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்திருப்பேன்.

“உந்தப் பவர் சப்ளை கம்பனியின்ரதோ தம்பி?”

“ஓம் அண்ணை, எல்லாம் பொக்ஸோட வந்தது.”

ஸ்பீக்கரில் போட்டுக் காட்டச் சொன்னேன். பக்கத்து வீட்டில் வருத்தக்காரர் இருக்கிறார் என்று ஹெட்ஃபோனைத் தந்தார். ஹெட்ஃபோனில் எல்லாம் தேன் மாதிரி இருந்தது. இந்த இடத்தைக் கவனியுங்கள். ஹெட்ஃபோன் துளையும் மேடைக்குப் போகிற துளைகளும் வேறு வேறு. இடது, வலது அவுட்புட் இரண்டையும் அன்று நான் தொட்டே பார்க்கவில்லை. அவர் தொடவும் விடவில்லை.

அதோடு ‘லைவ் பக்கேஜ்’ என்று ஒன்று. நூற்றுக்கு மேல் பிரிசெற் (முன்கூட்டியே செய்து சேமித்த சத்த அமைப்பு), மேடைக்கென்றே செய்தது, 25,000 ரூபா. சேர்த்து எடுத்தால்தான் இந்த விலை என்றார். சீட்டுக் காசு 150,000 கையில் இருந்தது. மிச்சத்துக்கு மனைவியின் காப்பு ஒன்றை அடைவு வைத்தேன். பில் கேட்டபோது, “பாவிச்ச சாமானுக்கு என்ன பில் அண்ணை, நான் இஞ்சைதானே இருக்கிறன்” என்றார்.

வீட்டில் மூன்று நாள் சின்னச் சத்தத்தில் வாசித்தேன். ஒருமுறை தானாக அணைந்து எழும்பியது. கரண்ட் தளம்பல் என்று நினைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் அப்படி நினைப்பது பழக்கம்.

நாலாம் நாள் வடமராட்சியில் ஒரு கோயிலின் பூங்காவனம். தவில் நாதஸ்வரக் கச்சேரி முடிந்து எங்களுக்கு மேடை கிடைக்கும்போது பத்தரை தாண்டிவிட்டது. ஜெனரேட்டர் கரண்ட். முதல் பாட்டிலேயே கிற்றார்ச் சத்தம் தேனீக்கூட்டுக்குள் கைவிட்டது மாதிரி இரைந்தது. மிக்சரில் இருந்த சவுண்ட்கார அண்ணை கையைக் காட்டி என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் பாட்டில் தாளத்தில் இருந்து சோலோவுக்கு மாறச் சுவிட்சை மிதித்தேன், ஒரு கணம் சத்தமே இல்லை, டிலே அறுந்து விழுந்தது. ஐந்தாம் பாட்டில் சனம் முழுக்க எழும்பி நிற்கிறது, மேடையின் கலர் லைற்றுகள் ஒன்றாக எரிந்தன, என் பெட்டியின் திரை கறுத்தது. அது திரும்ப எழும்பி வருவதற்குள் என் சோலோ இடம் கீபோட்டில் போய்விட்டது. கீபோட் வாசிக்கிற தம்பி என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். அந்த இரவு அதே மாதிரி மூன்று முறை.

அடுத்த நாள் கஸ்தூரியார் வீதிப் பக்கம் அம்ப், ரேடியோ திருத்துகிற ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தாண்டியவர். பெட்டியைத் திறக்கமுதல் அடாப்ரரைத்தான் கையில் எடுத்தார். ஸ்ரிக்கரை நகத்தால் சுரண்டினார், மேல் ஸ்ரிக்கர் கழன்றது. கீழே 9 வோல்ட், 1 அம்பியர் என்று இருந்தது. இந்தப் பெட்டிக்குக் கம்பனி கொடுப்பது 9 வோல்ட், 3 அம்பியர். சாதாரண ஓவர்டிரைவ் பெடல் ஒன்றுக்கு 100 மில்லி அம்பியர்கூடத் தேவைப்படாது, அந்தக் கணக்கில் இதைப் பார்க்கக் கூடாது. உள்ளே ஓடுவது ஒரு சின்னக் கணினி. ஐயா மீற்றரை வைத்துக் காட்டினார். வெறுமனே 9க்கு மேல் நின்றது, பெட்டியைச் செருகியதும் 8க்குக் கீழே இறங்கியது. அடாப்ரரைத் தொட்டேன், கை சுட்டது. ஏற்கனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்ததை ஜெனரேட்டரின் தளம்பல் விழுத்திவிட்டது.

பிறகு கீழ்த்தட்டைக் கழற்றினார். ஆணிகளில் ஒன்றின் தலை ஏற்கனவே தேய்ந்திருந்தது. உள்ளே அவுட்புட் துளைகள் பொருத்திய இடத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. போர்டில் வெள்ளைக் கோடு ஒன்று, கடற்கரையில் அலை வந்துபோன அடையாளம் மாதிரி. வலது அவுட்புட்டின் கால்களில் வேறு நிற ஈயம் வைத்துத் திரும்ப ஒட்டியிருந்தது.

“தம்பி, இது தண்ணி குடிச்ச சாமான்,” என்றார். “வெளியால துடைச்சுப்போட்டு வித்திருக்கிறான்.”

கம்பனியில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. நனைந்த பெட்டியைக் காயவைத்து, நல்ல அடாப்ரரை எடுத்து வேறாக விற்று, மலிவானதற்கு ஸ்ரிக்கர் ஒட்டி என் தலையில் கட்டியது விற்ற ஆள்.

அந்த 25,000 ரூபாப் பக்கேஜைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை மற்றவர்களும் விற்கிறார்கள். கணினியில் எச்எக்ஸ் எடிட் என்கிற கம்பனி மென்பொருளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. செய்தவர்களின் பெயர்கூட மாற்றாமல் இருந்தது. பாதிக்கு மேல் ஐஆர் என்கிற கோப்பை நம்பிச் செய்தவை. ஐஆர் என்பது ஒரு ஸ்பீக்கர் கபினற்றும் மைக்கும் சத்தத்தை எப்படி மாற்றுகின்றன என்பதன் பதிவு. கிற்றார் அம்பின் ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையான சத்தத்தை வேகமாகக் குறைத்துவிடும், அதனால்தான் ஓவர்டிரைவ் என்கிற முரட்டுச் சத்தம் காதுக்கு இதமாக இருக்கிறது. என் பெட்டியில் ஐஆர் இடங்கள் வெறுமையாக இருந்தன, அவர் பிரிசெற்றை மட்டும் ஏற்றியிருந்தார். கபினற் இல்லாத பச்சைச் சத்தம் நேரே கோயிலின் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போயிருக்கிறது. அந்தத் தேனீ இரைச்சல் அதுதான். அவர் வீட்டில் எனக்குப் போட்டுக் காட்டியவை ஐஆர் தேவைப்படாத நாலைந்து மட்டுமே.

சோலோவுக்கு மாறும்போது சத்தம் அறுந்ததற்கும் காரணம் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒவ்வொரு பிரிசெற். பிரிசெற் மாறும்போது பெட்டி எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுகிறது, அந்த இடைவெளி காதில் விழும். மேடைக்கு ஒரே பிரிசெற்றுக்குள் ஸ்னாப்ஷாட் (அதே பிரிசெற்றின் வேறு வேறு நிலைகள்) வைத்து மாற்றவேண்டும், டிலேயின் வாலும் அறாமல் வரும். மொடலரை மேடையில் ஒருநாள் வாசித்தவனுக்கும் இது தெரியும். ‘மேடைக்கென்றே செய்தது’ என்று இதை விற்றவர் ஒரு மேடையும் ஏறாதவர்.

திரும்பிப் போனேன். கேற்றடியிலேயே நின்று கதைத்தார். “நீங்கள் பாத்துத்தானே அண்ணை எடுத்தனீங்கள். உங்கட ஜெனரேட்டர்ல அடிபட்டிருக்கும்.” பச்சைக் களிம்பு நாலு நாளில் பூக்குமா என்று கேட்டேன். உள்ளே போய்விட்டார். அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் என்னை அடைத்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். எடுக்கலாம், ஆனால் எங்கே போனாலும் முதல் கேள்வி பில் இருக்கிறதா என்பதுதான். என்னிடம் இருந்தது வங்கி மூலம் அனுப்பிய 90,000 ரூபாவுக்கான பதிவும் வட்ஸ்அப் குரல்பதிவுகளும் மட்டும். மிச்சம் கைக்காசு. பொலிஸ் அந்தக் குரல்பதிவுகளைக் கேட்டுத்தான் முறைப்பாட்டை எழுதியது, ஆகவே கதைத்ததை ஒன்றும் அழிக்காதீர்கள்.

வாங்கப் போகிற பெடியள், உங்கள் கிற்றாரையும் வயரையும் ஒரு பவர்ட் ஸ்பீக்கரையும் (உள்ளேயே அம்ப் உள்ளது) கொண்டே போங்கள். விற்கிறவர் தருகிற அடாப்ரரிலேயே ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள், அடிக்கடி கையால் தொட்டுச் சூடு பாருங்கள். ஸ்ரிக்கர் இரட்டையா என்று ஓரத்தைத் தடவுங்கள். இரண்டு அவுட்புட்டிலும் மாறி மாறிச் செருகி, செருகிய முனையை மெல்ல ஆட்டுங்கள், கரகரத்தால் எழும்பி வந்துவிடுங்கள். கீழ்த்தட்டு ஆணிகளின் தலையைப் பாருங்கள். சீரியல் இலக்கம் கம்பனிப் பெட்டியிலும் சாமானிலும் ஒன்றா என்று பாருங்கள், என்னுடையதில் இரண்டும் வேறு, அதை நான் வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பழையதென்றாலும் ஒரு கடதாசியில் சாமான், இலக்கம், விலை, திகதி எழுதி இரண்டுபேரும் கையெழுத்துப் போடுங்கள். போடமாட்டேன் என்றால் வேண்டாம்.

பிரிசெற்றுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். நான் இப்போது வைத்திருப்பது ஐந்து, எல்லாம் நானே செய்தது. படுக்கையறைச் சத்தத்தில் செய்தால் மேடையில் அடிச்சத்தமும் கூர்ச்சத்தமும் எகிறும், ஆகவே ஒத்திகை நடக்கிற மண்டபத்தில் மேடைச் சத்தத்திலேயே செய்தேன். கபினற்றில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 7,000க்கு மேலேயும் வெட்டியிருக்கிறேன், பாஸ் கிற்றாரோடும் சிம்பலோடும் சண்டை இல்லை. இந்தப் பெட்டியில் மிக்சருக்கு மைக் வயர் போடுகிற எக்ஸ்எல்ஆர் துளை கிடையாது, அதனால் அந்த வயருக்கு மாற்றித் தருகிற ஒரு டிஐ பொக்ஸ் பையிலேயே இருக்கிறது. வேலை செய்தது இருட்டில் அறுந்துபோகாத ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்ற அந்தப் பழைய ஆசைதான், விற்றவரின் பக்கேஜ் இல்லை.

ஐயா களிம்பைக் கழுவி, இரண்டு துளைகளையும் மாற்றித் தந்தார். 3 அம்பியர் பவர் சப்ளையைக் கொழும்பிலிருந்து மச்சான் எடுத்து பஸ்ஸில் போட்டுவிட்டான். இதுவரை எட்டு மேடை, ஒருமுறையும் அணையவில்லை. காப்பு இன்னும் அடைவில் இருக்கிறது.

போன கிழமை அந்த விளம்பரம் திரும்ப வந்திருக்கிறது. அதே படம், அதே ‘செருகினால் வாசிக்கலாம்’, விலை மட்டும் 10,000 கூட. படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். நடுச் சுவிட்சுக்கு வலப்பக்கம், திரையின் கீழ் மூலையில் பிறை வடிவில் ஒரு கீறல் தெரியும். அந்தக் கீறலுள்ள பெட்டி இதை எழுதும்போது என் மேசையில் இருக்கிறது. அந்தப் படத்தைக் காட்டி உங்களிடம் காசு கேட்டால், சாமானை வீடியோ கோலில் உடனே காட்டச் சொல்லுங்கள்.