சேலத்தில் வாடகை வீடு தேடித் தந்த தரகர்: ஒரு மதிப்புரை

சேலத்தில் அஸ்தம்பட்டி, அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ் பகுதிகளில் வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் தரகர் ஒருவரின் சேவையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவருக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஒரு ஸ்கூட்டர், ஒரு கைப்பேசி, முகவரிகள் நிறைந்த ஒரு நீள நோட்டு ஆகியவற்றைக் கொண்டுதான் தொழில் நடத்துகிறார். வாய்ச்சொல்லை நம்பிப் பிழைக்கும் தனிமனிதர் என்பதாலும், அவரிடம் கண்ட குறைகளையும் மறைக்காமல் எழுதப்போகிறேன் என்பதாலும், அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவரைப் போன்ற தரகர்கள் அந்தப் பகுதிகளில் பலர் இருப்பதால், அவர்களை அணுகவிருக்கும் குடும்பங்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

என் கணவருக்கு அஸ்தம்பட்டிக்குப் பணியிட மாறுதல் வந்தபோது நாங்கள் ஆத்தூரில் மாதம் ₹6,000 வாடகையில் இருந்தோம். ஆத்தூருக்கும் சேலத்துக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் வழியாக நாள்தோறும் பேருந்தில் வந்துபோவது சில வாரங்களுக்குச் சரிப்படும், வருடக்கணக்கில் சரிப்படாது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மகளின் பள்ளியையும், மூட்டுவலியால் படியேற முடியாத என் மாமியாரையும் மனத்தில் வைத்துத்தான் வீடு பார்க்க வேண்டியிருந்தது. வாடகை, தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் ₹14,000-ஐத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டோம்.

ஃபேர்லேண்ட்ஸில் இந்தத் தொகை வாடகைக்கே போதாது. மருத்துவமனைகளும் உணவகங்களும் துணிக்கடைகளும் நெருங்கிவிட்ட அந்தப் பகுதியில், ஒரு வீட்டைக் குடும்பத்துக்கு விடுவதைவிடக் கிளினிக்குக்கு விடுவதே லாபம் என்று உரிமையாளர்கள் கருதுவது இயல்புதான். நாங்கள் விசாரித்த இரண்டு படுக்கையறை வீடு ஒன்றுக்கு ₹16,000 வாடகையும் ஒரு லட்சம் அட்வான்சும் சொன்னார்கள். கைப்பேசிச் செயலிகளில் அதைவிடக் குறைந்த வாடகைக்கு வீடுகள் தென்பட்டன. ஆனால் அழைத்துப் பேசினால், அந்த வீடு போய்விட்டது, வேறொன்று இருக்கிறது என்ற பதிலே பெரும்பாலும் கிடைத்தது. டூலெட் பலகை பார்த்து நேரில் போய்க் கேட்பது அதைவிட நம்பகமான வழி என்றாலும், ஊருக்குப் புதியவர்களுக்கு எந்தத் தெருவில் நடப்பது என்பதே தெரியாது. கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் இந்தத் தரகரின் எண்ணைக் கொடுத்தது அப்போதுதான்.

முதல் உரையாடலிலேயே அவர்மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது. வாடகை எவ்வளவு கொடுப்பீர்கள் என்று அவர் கேட்கவில்லை. யார் யார் எங்கெங்கே போய்வர வேண்டும், வண்டி எத்தனை, பள்ளிக்கு வேனா பேருந்தா, வீட்டில் வயதானவர்கள் உண்டா என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்ட பிறகுதான் பணத்துக்கு வந்தார். அயோத்தியாப்பட்டணத்தில் ₹8,000-க்கு நல்ல தனி வீடு கிடைக்கும் என்று எங்கள் உறவினர் சொல்லியிருந்ததை அவரிடம் கூறினேன். அவர் மறுத்துப் பேசாமல், இரண்டு பேர் நகரின் வடபுறம் போய்வர ஆகும் பெட்ரோலையும் பள்ளி வேன் கட்டணத்தையும் கூட்டிக் காட்டினார். வாடகையில் மிச்சமாகும் தொகை முழுவதும் அதில் கரைந்தது. அதே கணக்கில், நகரப் பேருந்து அடிக்கடி போகும் சாலையையொட்டி வீடு அமைந்தால் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எனக்கும் மகளுக்கும் போக்குவரத்துச் செலவே வராது என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். வாடகைத் தொகையை மட்டும் வைத்து வீடு தேடும் குடும்பங்களுக்கு இப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டும் ஆள் கிடைப்பது பெரிய உதவி. அவர் வாங்கும் கமிஷனுக்கு இது ஒன்றே தகும் என்பது என் கருத்து.

அடுத்து, தண்ணீர். சேலம் மாநகருக்குக் குடிநீர் மேட்டூரிலிருந்து வருகிறது. முறை வைத்துத்தான் விடுகிறார்கள். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், எந்த வீட்டில் சம்ப் சிறியது, எந்த வீட்டில் மாடிக்குடித்தனம் மோட்டார் போட்டால் கீழ்க்குடித்தனத்துக்கு வராது என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். கோரிமேட்டுப் பக்கம் ஒரு வீட்டைக் காட்டியபோது, புதிதாகப் பெயின்ட் அடித்திருந்ததையும் காற்றோட்டத்தையும் பார்த்து எங்களுக்குப் பிடித்துவிட்டது; வாடகையும் ₹9,000-தான். அவர் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயின் வாயில் வட்டமாகப் படிந்திருந்த வெள்ளைப் படிவத்தை நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். உப்பைப் போல நறநறவென்று இருந்தது. “வாடகை கம்மிதான் மேடம், ஆனா இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுங்க. நல்ல தண்ணி கனெக்‌ஷன் இன்னும் வாங்கல, குடிக்கவும் சமைக்கவும் கேன்தான்” என்றார். கேன் தண்ணீருக்கும், சலவை இயந்திரமும் கெய்சரும் அடிக்கடி பழுதாவதற்கும் ஆகும் செலவைச் சேர்த்தால் அந்த வீடு மலிவில்லை. அந்த வீட்டை முடித்துக் கொடுத்திருந்தால் அன்றே அவருக்குக் கமிஷன் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு அவரே அதன் குறையைக் காட்டியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மின்சார மீட்டரிலும் இதே கவனம் அவரிடம் இருந்தது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது இணைப்பு ஒன்றுக்குத்தான். ஒரே இணைப்பில் இரண்டு மூன்று குடித்தனங்கள் இருந்தால் அந்தச் சலுகை பங்கு பிரிந்துபோவதோடு, மொத்தப் பயன்பாடு கூடுவதால் யூனிட் விலையும் ஏறுகிறது. உள்மீட்டர் வைத்துத் தாமாக ஒரு விலை நிர்ணயித்து வசூலிக்கும் வீடுகளை, எங்களிடம் கேட்காமலேயே அவர் பட்டியலிலிருந்து நீக்கினார்.

இனி, குறைகள். வீட்டைக் காட்டுவதற்கு முன் அவர் தொலைபேசியில் கேட்கும் இரண்டு கேள்விகள்: சைவமா அசைவமா, என்ன ஆளுங்க. இவை உரிமையாளர்கள் கேட்கச் சொல்லும் கேள்விகள் என்றும், தெரிந்துகொள்ளாமல் அழைத்துப் போனால் வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் அவர் விளக்கினார். அவர் சொன்ன நடைமுறை உண்மைதான். ஆனாலும் சாதியைக் கேட்டு வீடு பிரித்துக் கொடுக்கும் வேலையைத் தரகர் தம் தோளில் ஏற்றுக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல மாட்டேன் என்று நான் சொன்ன பிறகு அவர் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அதன்பின் காட்டிய வீடுகளின் எண்ணிக்கை குறைந்தது. இந்த ஊரில் வீடு தேடும் எத்தனையோ குடும்பங்களுக்கு வாடகையைவிடப் பெரிய தடை இதுதான்.

அடுத்த குறை பணத்தோடு தொடர்புடையது, கூடுதல் கவனம் தேவைப்படுவது. மாத வாடகை பாரமாகத் தெரிந்தால் போக்கியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் ஒரு வீட்டைச் சொன்னார்: ஆறு லட்சம் கொடுத்து மூன்று ஆண்டு குடியிருக்கலாம், வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அழகாபுரத்தில், கிணறும் மாமரமும் உள்ள தரைத்தள வீடு. மாமியாருக்கு மிகவும் பிடித்திருந்தது. “தம்பி, இதையே பேசி முடிச்சிருங்க” என்று தரகரிடம் சொல்லியும்விட்டார். ஆத்தூரில் ஒரு மனையை விற்ற பணம் வங்கியில் இருந்ததால் எங்களாலும் முடியக்கூடியதாகவே தெரிந்தது. இருந்தும், பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின்மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல், பார்த்த பிறகே பேசுவது என்று முடிவெடுத்தோம். அதைக் கட்டணமில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் தெரிந்தால் போதும். பார்த்தபோது, மூலப்பத்திரத்தை ஒரு வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியது பதிவாகியிருந்தது. கடனை அடைத்ததைக் காட்டும் ரசீதுப் பதிவு எதுவும் பின்னால் இல்லை. அதாவது, பதிவின்படி கடன் இன்னும் தீரவில்லை.

கடன் தவறினால் வங்கி அந்த வீட்டைக் கையகப்படுத்தி ஏலத்துக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறது. அப்போது, வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட போக்கிய ஒப்பந்தத்தை வைத்திருப்பவரின் ஆறு லட்சம் என்ன ஆகும்? தரகரிடம் இதைக் கேட்டபோது, ஓனர் நல்ல மனிதர், பல வருடப் பழக்கம் என்பதுதான் பதிலாக வந்தது. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. பத்திரத்தைப் பார்க்கும் வழக்கமே அவருக்கு இல்லை. குழாய் வாயைச் சுரண்டிப் பார்க்கும் மனிதர் வில்லங்கச் சான்றைத் திறந்துகூடப் பார்க்காமல் ஆறு லட்ச ரூபாய்க்குப் பேரம் பேசுகிறார் என்பது எனக்கு வருத்தத்தையும் அச்சத்தையும் தந்தது. இவரிடம் மட்டுமல்ல, எந்தத் தரகரிடமும் போக்கியத்துக்கு வீடு எடுப்பவர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாத ஒப்பந்தத்தின் பேரில் பணம் கொடுக்க வேண்டாம். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுவது நல்லது.

கடைசியில் எங்களுக்கு அமைந்த வீட்டையும் இவரே காட்டினார். அஸ்தம்பட்டியிலிருந்து கன்னங்குறிச்சி செல்லும் வழியில், சின்னத்திருப்பதிப் பக்கத்தில், ஓர் ஆசிரியர் ஓய்வுபெறும் காலத்தில் கட்டிய பழைய வீட்டின் கீழ்ப்பகுதி அது. வாடகை ₹10,500. தனி மீட்டர், மேட்டூர்த் தண்ணீர் இணைப்பு, நடந்துபோகும் தூரத்தில் பேருந்து நிறுத்தம். அழகாபுரத்தில் மாநகராட்சி எவற்றைத் தருகிறதோ அவை எல்லாம் இங்கும் உண்டு. தெருவின் பெயருக்குத்தான் மதிப்புக் குறைவு. மொசைக் தரையும் சிறிய சமையலறையும் இளவயதினருக்குப் பிடிக்காமல் போகலாம், எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. மாலையில் மூக்கனேரிப் பக்கமிருந்து வரும் காற்றும், மாடியில் நின்றால் தெரியும் சேர்வராயன் மலையும் வாடகையில் சேராதவை.

இங்கே அட்வான்ஸ் விஷயத்தில் தரகர் எங்களுக்குத் துணை நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். உரிமையாளர் ₹50,000 கேட்டார். ஏரியா வழக்கமே அதுதான் என்று தரகரும் ஆமோதித்தார். வாடகைதாரர்களுக்கும் உரிமையாளர்களுக்குமான 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. என் கணவர் இதை மரியாதையாக எடுத்துச் சொன்னதும், உரிமையாளர் சற்று யோசித்துவிட்டு ₹31,500-க்கு ஒப்புக்கொண்டார். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிட்டோம். முன்பணத் தகராறுகளில் பல அந்த வெள்ளையடிப்பில்தான் தொடங்குகின்றன.

கமிஷன் ஒரு மாத வாடகை. உரிமையாளரிடமும் அதே அளவு வாங்குகிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதில் தவறில்லை, ஆனால் இரு பக்கமும் கூலி வாங்குபவர் பேரத்தின்போது எந்தப் பக்கம் சாய்வார் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சாவி கைக்கு வந்த பிறகே பணம் கேட்டார், வீடு காட்டுவதற்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை என்பது அவருக்குச் சேர வேண்டிய நற்பெயர். ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளிச் சேர்க்கையையொட்டிக் குடிமாறுவோர் அதிகம் என்பதால் அந்த மாதங்களில் அவரைப் பிடிப்பது கடினம். மாறுதல் உத்தரவு வரும் என்று முன்பே தெரிந்தவர்கள் பிப்ரவரியிலேயே பேசி வைத்தால் வாடகையும் சற்று இறங்கி வரும்.

வாடகை ஒப்பந்தத்தை, மேலே சொன்ன சட்டப்படி அமைந்த வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிவு செய்ய வேண்டும் என்பதை அவர் எங்கள் வாயிலாகத்தான் முதன்முதலில் கேள்விப்பட்டார். உரிமையாளர் சேர்ந்து செய்யத் தயங்கினால் வாடகைதாரர் தனியாகவும் ஒப்பந்தத்தைச் சமர்ப்பிக்கலாம் என்று என் கணவர் சொன்னபோது, அதற்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டு அந்த நீள நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்து அவரிடம் போகிறவர்கள் முதல் நாளே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.