25 வருடம் பரணில் கிடந்த வயலினும் முத்தியாலுப்பேட்டை ரிப்பேர் கடையும்

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில், வடசென்னை கொருக்குப்பேட்டையில் அம்மா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு சாமான்களைக் காயவைக்கப் போன இடத்தில் பரணில் இருந்ததையும் இறக்கினோம். அதில் என் வயலின் பெட்டியும் இருந்தது. தண்ணீர் அதைத் தொடவில்லை. ஆனால் நாலைந்து நாள் வீடே ஈரத்தில் ஊறிக் கிடந்ததால், திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தது. வில்லைத் தூக்கினேன். ரோமம் மொத்தமும் கத்தையாக என் மடியில் கொட்டியது. வயலினை மெதுவாக அசைத்தால் உள்ளே ஏதோ உருண்டது. நான் அழுதுவிட்டேன்.

1984-ல், மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தின வருடம், அங்கே ஒரு பழைய சாமான் கடையில் அப்பா பேரம் பேசி வாங்கிய வயலின் அது. எனக்கு அப்போது பத்து வயது. உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் (உலகப் புகழ்பெற்ற பழைய இத்தாலிய வயலின் செய்தவரின் பெயர்) என்று அச்சடித்த ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அப்பா அதை வருகிறவர்களுக்கெல்லாம் டார்ச் அடித்துக் காட்டுவார். 1999-ல் கல்யாணமாகிப் போனபோது, புகுந்த வீட்டில் இடம் இல்லை என்று அம்மா வீட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போனேன். அப்புறம் குழந்தை, வேலை, அப்பாவின் நோய். அவர் போயும் பதினொரு வருடம் ஆகிறது.

முதலில் ஒரு பெரிய கடைக்குத்தான் எடுத்துப் போனேன். பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள உடைஞ்சிருக்கு மேடம், ரிப்பேர் செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று எட்டாயிரம் ரூபாய் வயலின் ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டியைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி என்று வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் கழித்துச் சின்ன வயதில் என்னோடு பாடம் படித்த தோழியிடம் சொன்னபோதுதான் இந்தக் கடையைச் சொன்னாள்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மண்ணடி. அங்கே இறங்கி முத்தியாலுப்பேட்டைப் பக்கம் நடந்தால், மீன்பாடி வண்டி ஒன்று நுழைந்தால் ஆள் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கதவுக்கு மேலே கயிற்றில் நாலு வயலின் தொங்கும், அதுதான் அடையாளம். உள்ளே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யவும் ஒருவர் ஸ்டூலில் உட்காரவும் மட்டும் இடம். அறுபதைத் தாண்டியவர். அப்பாவிடம் கற்ற தொழில் என்றார்.

அவர் முதலில் செய்த காரியத்தை நான் மறக்க மாட்டேன். வயலினை வாங்கி, அசைக்காமல், ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்தார். ஆள்காட்டி விரலை மடக்கி, விளிம்பைச் சுற்றிலும் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக் என்று கெட்டியாக வந்த சத்தம், இடுப்புக்குக் கீழே ஓர் இடத்தில் சப்பென்று ஆனது. "இங்க திறந்திருக்குமா" என்றார். ஈரத்தில் பசை விட்டு, மேல் பலகையும் பக்கப் பலகையும் நான்கு விரற்கடை நீளத்துக்குப் பிரிந்திருந்தன. கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஒரு காகிதத்தை நுழைத்துக் காட்டினார், உள்ளே போனது.

உருண்டுகொண்டிருந்தது சவுண்ட் போஸ்ட். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயலினுக்குள், தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால், மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே சின்னதாக ஒரு மரக்குச்சி நிற்கும். பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிது. பசை போட்டு ஒட்டுவது இல்லை, இரண்டு பலகைக்கும் இடையில் இறுகி நிற்பது மட்டும்தான். தந்திகளை ஒரேயடியாகத் தளர்த்திவிட்டால் விழுந்துவிடும். "உடைஞ்சது எதுவும் இல்ல. இது விழுந்திருக்கு, அவ்ளோதான். நல்லவேளை நீங்க தந்திய முறுக்கிப் பாக்கல. போஸ்ட் இல்லாம முறுக்கினா மேல் பலகை உக்காந்துடும்" என்றார். பெரிய கடைக்காரர் உடைந்தது என்று சொன்ன அதே சத்தம்தான்.

சீட்டைப் பற்றியும் கேட்டேன். ஸ்ட்ராடிவாரியஸ் மாடலைப் பார்த்துப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்த வயலின்களில் இந்தச் சீட்டை ஒட்டுவது வழக்கம், அசல் எல்லாம் இப்படிக் கைக்கு வராது என்று நேராகச் சொன்னார். கூடவே, "மரம் நல்ல மரம். உங்க அப்பா ஏமாறல" என்றும் சொன்னார். அந்த வார்த்தைக்காகவே அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிரிந்த விளிம்பை வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்டுகிறார். தச்சர்கள் பழைய காலத்தில் பயன்படுத்திய அதே தோல் பசை. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணம் வைத்து இளஞ்சூட்டில் கரைக்கிறார். வாடை கொஞ்சம் கடுமைதான். ஃபெவிகால் ஏன் வேண்டாம் என்று கேட்டதற்கு, வச்சிரம் ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும், அதனால் பிற்பாடு திறக்க வேண்டி வந்தால் பலகைக்குச் சேதம் வராது, மற்றப் பசையில் ஒட்டினால் அடுத்த தடவை மரமே பிய்ந்துகொண்டு வரும் என்றார். யாரோ ஒருவர் ஃபெவிகால் போட்டு ஒட்டிய ஒரு வயலினை எடுத்து அந்த விளிம்பையும் காட்டினார். மரம் நார் நாராக உரிந்திருந்தது.

வில்லின் ரோமத்தைத் தின்றது பூச்சி. மூடியே கிடக்கும் பெட்டியில், இருட்டில், சின்னப் பூச்சிகள் குதிரை ரோமத்தைக் கடித்து அறுத்துவிடுமாம். வாசித்துக்கொண்டிருக்கும் வயலினுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. புது ரோமம் போடுவதோடு வேலை முடியாது, பெட்டியைக் காலி செய்து துடைத்து நல்ல வெயிலில் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி தின்னும் என்று சொல்லி அனுப்பினார். செய்தேன். மொட்டைமாடியில் மூன்று நாள்.

இனி குறை. ஒரு வாரம் என்று சொன்னார், பத்தொன்பது நாள் ஆனது. போன் எடுக்க மாட்டார். இரண்டு முறை அலைந்தேன். ரசீது கிடையாது, ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். பணம் கையில்தான் கொடுக்க வேண்டும். நான் நைலான் போன்ற செயற்கை இழைமேல் உலோகம் சுற்றிய தந்தி கேட்டேன், அவரிடம் ஸ்டீல் தந்தி மட்டும்தான் இருந்தது. ஸ்டீல் கொஞ்சம் கூர்மையாகப் பேசும். அடுத்த முறை நானே வாங்கிக்கொண்டு போவேன்.

கூலி விவரம்: விளிம்பு ஒட்ட 900, வில்லுக்கு ரோமம் 800, புதுக் குதிரை 750, போஸ்ட் நிறுத்த 300, தந்தி 600. மொத்தம் 3,350 ரூபாய். வார்னிஷ் அடிக்கச் சொல்லிக் கேட்டேன். முடியாது என்றுவிட்டார். தேய்ந்த இடம் தேய்ந்தபடி இருக்கட்டும், மேலே பூசினால் சத்தம் அடையும் என்றார். காசு வரும் வேலையை வேண்டாம் என்று சொல்லும் ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் பத்தொன்பது நாளில் எங்கள் வாத்தியார் அடிக்கடி நினைவுக்கு வந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் மாடி அறையில் பாடம் எடுப்பார். வயலின் எங்கிருந்தோ வந்த வாத்தியம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டது, அவர்கள் குடும்பம் மணலி முதலியாரின் ஆதரவில் இருந்தபோதுதான், ஐரோப்பியர் ஒருவரிடம். கர்நாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். "நம்ம ஊர்ப் பக்கம் பொறந்த சங்கதிடா இது" என்பார் வாத்தியார். இன்று மணலி என்றால் டேங்கர் லாரியும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. எனக்கு வயலினும் வரும்.

வாங்கப் போன அன்று அவர் உடனே கொடுத்துவிடவில்லை. "எத்தன கட்ட?" என்று, அதாவது எந்தச் சுருதியில் வாசிப்பேன் என்று கேட்டார். பெரும்பாலான கடைகளில் மேற்கத்திய முறையில் தந்தி கட்டித் தந்துவிடுவார்கள். நமக்கு நாலு தந்தியும் ச-ப-ச-ப என்று நிற்க வேண்டும். நான் யாருக்கும் பக்கவாத்தியம் வாசிக்கப் போவதில்லை, வீட்டில் தனியாகத்தான், மூன்று கட்டை போதும் என்றேன். "அப்போ தந்தி தளர்வா நிக்கும், குதிரைய இன்னும் கொஞ்சம் வெட்டணும்" என்று அங்கேயே உட்கார்ந்து சீவினார். பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். 25 வருடம் கழித்து, தெரியாத ஒருவர் முன்னால், சந்தில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஸ்டூலில் உட்கார்ந்தபடி, ஆரம்பப் பாடமான சரளி வரிசை முதல் வரி வாசித்தேன். கை நடுங்கியது. அவர் என் கையைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக் கேட்டார். வயலினை வாங்கி, எஸ் போல வளைந்த ஒரு கம்பியை ஓட்டைக்குள் விட்டு, போஸ்ட்டை ஒரு நூல் அளவு தள்ளினார். "இப்போ." மறுபடி வாசித்தேன். மந்தரத்தில், அதாவது கீழ் ஸ்தாயியில், அடைத்துக்கொண்டிருந்த சத்தம் திறந்துகொண்டது. இன்னொரு தடவை தள்ளினார், அது சரியில்லை என்று அவரே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. முந்நூறு ரூபாய்க்கு.

இந்த முக்கால் மணியின் அருமை வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. விட்டதைத் திரும்பத் தொடும்போது பெரிய தொல்லை, தப்பு எங்கே என்று தெரியாதது. அபஸ்வரம் வந்தால் விரலா, தந்தியா, பிரடை (தந்தியை முறுக்கும் திருகு) நழுவுகிறதா? என் இடது கை விரல் நுனிகள் மெத்தென்று ஆகிவிட்டன, முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையிலுள்ள சுருளை வலது கணுக்காலில் வைத்து உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கிறது. மாயாமாளவகௌளை ராகத்தின் ரிஷபத்தை (ரி) மனசு சரியாகப் பாடுகிறது, விரல் அரை நூல் மேலே போய் விழுகிறது. ஆனால் வாத்தியம் சரியாக இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் நான் விரலைத் திருத்துகிறேன், வாத்தியத்தோடு சண்டை போடுவதில்லை. இதைத்தான் அவர் எனக்குச் செய்து கொடுத்தார்.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். 76 வயது. சங்கீதம் கற்றவள் இல்லை, பன்னிரண்டு வருடம் என் சாதகத்தைக் கேட்டவள். காலை ஐந்தரைக்கு நான் வாசிக்கும்போது அடுப்படியிலிருந்தே, "ரெண்டாங் காலத்துல அவசரப்படுறே" என்பாள், இரட்டை வேகத்தில் வாசிப்பதைச் சொல்கிறாள். எப்போதும் அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் மாதம் ஒரு பிரடை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எடுத்துப் போனேன். கழற்றி, சாக்பீஸ் தடவி, அழுத்தித் திருகிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்துகிறேனா என்று மட்டும் கேட்டார்.

போகிறவர்கள் பகல் பதினொன்றுக்கு மேல் போங்கள், ஞாயிறு கடை கிடையாது. பைக் நிறுத்த இடமில்லை, மெட்ரோதான் நல்லது. வயலினோடு வில்லையும் பெட்டியையும் சேர்த்து எடுத்துப் போங்கள், மூன்றையும் பார்ப்பார். அவசர வேலை என்றால், கச்சேரி அடுத்த வாரம் என்றால், இந்தக் கடை சரிப்படாது.

வில்லுக்கு ரோமம் மாற்ற அடுத்த பிப்ரவரியில் மறுபடி போக வேண்டும். அப்போது மோகன வர்ணம் முழுசாக வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். இன்றைய தேதிக்கு முக்தாயி ஸ்வரம் வரை, அதாவது வர்ணத்தின் முதல் பாதி வரை வந்திருக்கிறேன்.