டைகர் மாத் பால்சா கிட்: பசையைத் திறக்குமுன் தராசில் வையுங்கள்

டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தை 1/6 அளவில் ரேடியோ கட்டுப்பாட்டு மாடலாகச் செய்யும் கிட் ஒன்று இணையத்தில் விலைக்கு வருகிறது. 'லேசரில் வெட்டிய முதல்தரப் பால்சா, பறக்கும் எடை 2.2 கிலோ' என்பது விளம்பரம் (பால்சா: மாடல் விமானம் செய்யும் மிக இலேசான மரம்). பணம் முழுதும் முன்கூட்டியே யுபிஐயில், பில் கிடையாது. எங்கள் குழுவுக்கு வந்த பெட்டியில் இருந்ததோ வேறு சரக்கு. விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். நாளைக்கு வேறு பெயரில் கடை போடுவார். சரக்கை அடையாளம் காண்பதுதான் முக்கியம்.

முதலில் மரம். 100 × 1000 மி.மீ. அளவுள்ள 2 மி.மீ. பால்சாத் தகடு, இலேசு ரகம் என்றால் சுமார் 20 கிராம். நடுத்தரம் 32 கிராம். ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) வெட்டிய தகடுகளைத் துண்டுகள் பிரிக்காமல் அப்படியே நிறுத்தபோது ஒவ்வொன்றும் 52 கிராம். கன மீட்டருக்கு 260 கிலோ! கெட்டிப் பால்சாவோ, பால்சா என்று தள்ளிவிடப்படும் பௌலோனியா மரமோ, எதுவானாலும் இறக்கை ரிப்புக்கு ஆகாது.

கணக்கைப் பாருங்கள். அசல் விமானத்தின் இறக்கை நீளம் 8.94 மீட்டர்; மாடலில் 1.49 மீட்டர். நான்கு இறக்கைப் பாதிகளும் சேர்ந்து சுமார் 62 சதுர டெசிமீட்டர். 2.2 கிலோவுக்குச் சதுர டெசிமீட்டருக்கு 36 கிராம் சுமை. அருமையாக மிதந்து இறங்கும். இந்த மரத்தால் கூடும் எடை 400 கிராம். அதில் வாலில் மட்டும் 60 கிராம். சி.ஜி.யிலிருந்து (விமானத்தின் எடை சமநிலையாகும் புள்ளி) வால் இருக்கும் தூரம், மூக்கில் ஈயம் வைக்கும் தூரத்தைப்போல் மூன்று மடங்கு. எனவே வாலைச் சமன்செய்ய மூக்கில் 180 கிராம் ஈயம் வேறு. மொத்தம் 2.78 கிலோ, சுமை 45 கிராம். ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் மிகக் குறைந்த வேகம், 12 சதவீதம் ஏறிவிடும்.

அடுத்தது வரைபடம். இது 1/8 அளவுக்கு யாரோ வரைந்ததை அப்படியே பெரிதாக்கியது. எப்படித் தெரியும்? ஃபார்மர்களில் (உடலின் குறுக்குச் சட்டங்கள்) 3 மி.மீ. பிளைவுட்டுக்கான காடி எல்லாம் 4 மி.மீ. ஆகியிருக்கிறது, கொடுத்த பிளையோ 3 மி.மீ.தான். எல்லா இணைப்பும் லொடலொட. சர்வோ (ஏலரான், வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) துளையைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்: 9 கிராம் சர்வோவுக்கான 23 × 12 மி.மீ. துளை 31 × 16 ஆக வீங்கியிருக்கிறது. அந்த அளவில் 9 கிராம் சர்வோ விழுந்துவிடும், 40 × 20 மி.மீ. ஸ்டாண்டர்டு சர்வோ நுழையாது. சி.ஜி. குறி எங்குமே இல்லை. டைகர் மாத்தின் இறக்கைகள் பின்சாய்ந்தவை, மேல் இறக்கை முன்தள்ளி நிற்பது; குறி இல்லாமல் குத்துமதிப்பாக வைக்கக்கூடிய மாடல் அல்ல.

வழிமுறைத் தாளில் ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலும் கீழும் சமமாக அசையட்டும் என்றிருக்கிறது. அசலில் ஏலரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். மேலே நன்றாக ஏறும், கீழே கொஞ்சமே இறங்கும். சமமாக வைத்தால் மெதுவாக இறங்கும் நேரத்தில் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும்.

கேபேன் (மேல் இறக்கையை உடலோடு தாங்கும் கால்கள்), சக்கரக்கால் கம்பிகள் பியானோ கம்பியாம். வளைத்துக் கையை விட்டால் பியானோ கம்பி துள்ளி நிமிரும். வந்தது வளைந்தபடியே நின்றது. சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பி.

விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்கள்: 'மரம் இயற்கைப் பொருள், எடை மாறும்', 'இடைவெளியில் எபாக்சிப் பசை நிரப்புங்கள்', கடைசியில் 'தகட்டிலிருந்து துண்டு பிரித்திருந்தால் திருப்பி எடுக்க மாட்டோம்'. பிறகு பதிலே இல்லை.

வாங்குமுன் தகடுகளைத் தராசில் வைத்த படம் கேளுங்கள். வெட்டிய காடியில் காலிப்பர் வைத்த படமும் கேளுங்கள். பறக்கும் மாடலின் படம் எதற்கும் சாட்சியல்ல. பில் தராதவரிடம் வாங்கவே வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லவும் பில்தான் கைகொடுக்கும். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு: ரிப்களின் வெளிவடிவம் சரியாகவே இருக்கிறது, வார்ப்புருவாகப் பயன்படும். தகட்டுக்கு 25 கிராமுக்குள் உள்ள பால்சாவில், நார் முன்பின்னாக ஓடும்படி மறுபடி வெட்டுங்கள். ஃபார்மர் காடியில் 1 மி.மீ. பிளைப் பட்டை ஒட்டுங்கள். எபாக்சியை மட்டும் நம்பினால் எடைதான் ஏறும். ஃபயர்வாலுக்கு (மோட்டார் பொருத்தும் முன்பலகை) 6 மி.மீ. பிர்ச் பிளை. கம்பி முழுதும் மாற்றவேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் காசு போதவில்லை என்றால் வாலை மட்டுமாவது முதலில் புது மரத்தில் செய்யுங்கள்: அங்கே குறையும் ஒவ்வொரு 10 கிராமும் மூக்கில் 30 கிராம் ஈயத்தை மிச்சப்படுத்தும்.