ஒரே வேலி, இரண்டு வக்கீல்கள்

அப்பா விட்டுப்போன நிலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் வேலியை ஓரடி உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார். இதற்காக முதலில் நகரத்தில் ஒரு பெரிய வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். அப்புறம் நிலம் இருக்கும் சிற்றூரிலேயே தனியாகத் தொழில் செய்யும் ஒருவரைப் பிடித்தேன்.

நகரத்தில் ஒழுங்கைக் குறை சொல்ல முடியாது. நான் வாயைத் திறக்குமுன் எதிர்த்தரப்பின் பெயரைக் கேட்டு, அவர் தங்கள் கட்சிக்காரரா என்று கணினியில் பார்த்தார்கள். நில வழக்கு மட்டுமே பார்ப்பவர் அமைந்தார். பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "வேலி எத்தனை வருஷமா அங்கே இருக்கு?" என்றார். ரொம்ப நாள் சும்மா விட்டால், இத்தனை காலம் அனுபவித்ததால் நிலம் தங்களுடையதே என்று அனுபவ உரிமை கோரிவிடுவார்களாம். அந்த ஒரு கேள்விக்கே கொடுத்த பணம் தகும். ஆனால் ஆறு நிமிடத்துக்கு ஓர் அலகு என்று கட்டணம் ஓடுகிறது. நான் நலம் விசாரித்ததும் அதில் சேர்த்திதான் போல. நிலத்தை அவர் படத்தில்தான் பார்த்தார்.

சிற்றூரில் இருப்பதே இரண்டு வக்கீல்கள். முதலாமவர், "அவங்க பத்திரமே நான் எழுதினது, உங்களுக்கு ஆஜராகக் கூடாது" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். நல்லவேளை, இன்னொருவரிடம் எதிர்த்தரப்பு முந்திக்கொள்ளவில்லை.

இவர் காலையில் ஜாமீன், மதியம் உயில், சாயங்காலம் விவாகரத்து என்று எல்லாம் பார்க்கிறார். அனுபவ உரிமை பற்றிக் கேட்டதற்கு, புத்தகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள்தான் பதில் சொன்னார். ஆனால் வேலியோரம் நடந்து, புதருக்குள் கிடந்த பழைய எல்லைக் கல்லைக் கண்டுபிடித்தது அவர்தான். ரகசியம்தான் கஷ்டம். அவர் எதையும் வெளியே சொல்வதில்லை, ஆனால் அலுவலக வாசல் தெருவைப் பார்த்து இருக்கிறதே! நான் படியேறியது அன்றைக்கே பக்கத்து நிலத்துக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொரு குறை: எதற்கெடுத்தாலும் சமரசம் என்கிறார். வழக்கு முடிந்த பிறகும் இரண்டு பேர் முகத்திலும் அவர் விழிக்க வேண்டுமே. நோட்டீஸில் நான் கேட்ட காரமான வரிகளையெல்லாம் அடித்துவிட்டார். எரிச்சலாக வந்தது. நோட்டீஸ் போன வாரமே எதிராளி பேச வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கு எழுபது நெருங்குகிறது. ஜூனியர் யாரும் இல்லை. அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலம், கிராமப்புறத்துக்குத் தொழில் செய்ய வரும் வக்கீல்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை 2013இல் கொண்டுவந்தது. அவரிடம் போய் வந்த பிறகு அது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை.

ஐந்துக்கு நான் போடும் மதிப்பெண்: நகரத்துக்கு மூன்றரை, இவருக்கு நான்கு. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் நகரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசனை கேட்டுவிட்டு, வழக்கை ஊரில் கொடுங்கள். வேலி இன்னும் நகரவில்லை. அடுத்த வாரம் சர்வேயர் வருகிறார்.