மார்ஜினா, நகை அடகா, கடன்காரக் கம்பனியா?

கொழும்புப் பங்குச் சந்தையில் கடன் காசால் இலாபத்தைப் பெருக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வட்டியைத்தான் ஒப்பிடுகிறார்கள். விலை விழும் நாளில் விற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் யார்? அதைத்தான் முதலில் கேட்கவேண்டும். தலைப்பில் உள்ள மூன்று வழிக்கும் விடை வேறு வேறு.

கைக்காசு 10 இலட்சம், கடன் 10 இலட்சம், ஆண்டு வட்டி 12 வீதம் என்று வையுங்கள். 20 இலட்சத்துக்கு வாங்கிய பங்கு 15 வீதம் ஏறினால் 3 இலட்சம். வட்டி போக 1.8 இலட்சம், கைக்காசுக்கு 18 வீதம். அதே 15 வீதம் இறங்கினால் நட்டம் 4.2 இலட்சம், அதாவது 42 வீதம். தரகுக் கூலி இதற்குள் இல்லை.

மார்ஜின் கணக்கு என்றால் வாங்கும் பங்கையே ஈடாக வைத்து எடுக்கும் கடன். அதில் விற்பதா என்ற முடிவு உங்கள் கையில் இல்லை. ஒப்பந்தத்தில் கடன் வரம்பு பங்குப் பெறுமதியில் 60 வீதம் என்று இருந்தால், 20 இலட்சம் 16 ஆக விழுந்ததும் கடன் 62.5 வீதமாகி, காசு கட்டச் சொல்லி மார்ஜின் அழைப்பு வரும். மீண்டும் 50 வீதத்துக்குக் கொண்டுவர 2 இலட்சம் காசு கட்டினால் போதும். காசு இல்லையென்றால் 4 இலட்சத்துக்குப் பங்கு விற்கவேண்டும், அதுவும் விழுந்த விலையில். எல்லோருக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தால் வாங்குபவரைத் தேடவேண்டியதுதான். விலை அசையாமல் கிடந்தாலும் செலுத்தாத வட்டி கடனோடு சேர்ந்து வரம்பைத் தின்னும். பலருக்கு வட்டி, மத்திய வங்கி வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன் வழங்கல் வீதத்தோடு, அதாவது வங்கிகள் சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கும் சராசரி வட்டியோடு, சேர்ந்து ஏறி இறங்கும். 2022 முடிவில் அது 27 வீதமளவில் நின்றது. அந்த வட்டிக்கு, பாதிக் காசு கடன் என்றால், பங்கு ஆண்டில் 13.5 வீதம் ஏறினால்தான் போட்ட காசாவது தேறும்.

செட்டியார் தெருவிலோ வங்கியிலோ நகையை வைத்து எடுத்த காசு அப்படியில்லை. பங்கு பாதியானாலும் அடகுக்காரர் உங்களைக் கூப்பிடமாட்டார். அவருக்குத் தவணையும் தங்க விலையும்தான் கணக்கு. புதுப்பிக்கும்போது பவுண் விலை இறங்கியிருந்தால் வட்டியோடு வித்தியாசத்தையும் கேட்கலாம்; தவணை தப்பினால் ஏலம். வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் வைத்த நகை என்றால் வேறு தலையிடி.

மூன்றாவது வழி, கடன் மிகுந்த கம்பனியின் பங்கைக் கைக்காசுக்கே வாங்குவது. கியரிங்கை, அதாவது கடன் சுமையை, கம்பனி சுமக்கிறது; உங்கள் நட்டம் போட்ட காசோடு நிற்கும். அதை அளக்க மொத்தக் கடனை, கடனும் உரிமையாண்மையும் (பங்குதாரர் முதலும்) சேர்ந்த தொகையால் வகுங்கள். மேலதிகப் பற்றையும் குத்தகைப் பொறுப்பையும் விடவேண்டாம். பிறகு தொழிற்பாட்டு இலாபம் வட்டிச் செலவின் எத்தனை மடங்கு என்று பாருங்கள். 2க்குக் கீழே என்றால் ஒரு மோசமான காலாண்டு போதும். டொலர் கடன் இருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள்: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. வரவு முழுக்க ரூபாயில் உள்ள கம்பனிக்குக் கடன் ஏறத்தாழ 80 வீதம் வீங்கும். அப்போது இருக்கும் பங்குதாரரிடமே புதுப் பங்கு விற்றுக் காசு திரட்ட வரும் உரிமை வழங்கல்தான் இந்த வழியின் மார்ஜின் அழைப்பு. பணம் போடாவிட்டால் உங்கள் பங்கு வீதம் கரையும். ஆனாலும் போடுவதா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் கடைசியைத்தான் சொல்வோம். அந்தப் பங்கையே மார்ஜினில் வாங்கினால் கடனுக்கு மேல் கடன். 15 வீத வீழ்ச்சி அங்கே ஒரு வாரச் சமாச்சாரம்.